கோட்டானை ஒளித்துவைத்தவர்

மாமா ஐஸ் கட்டியைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். விடிகாலையில் கோட்டைக்குப்பத்துக் கரையில் ஐஸ் வண்டி வந்து நின்றதும், மற்றவர்கள் பெட்டியை நீட்டி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவர் மட்டும் கட்டியைச் சரித்து வெளிச்சத்தில் பார்ப்பார். விரல் முட்டியால் நாலு பக்கமும் தட்டுவார். பிறகு காதை வைத்துக் கேட்பார். ஐஸ்காரன் தலையில் அடித்துக்கொள்வான்.

"ஐஸ்ல இன்னா மாமா ஏமாத்த முடியும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உள்ள காத்து வெச்சி ஒறைய வுட்டுருப்பான். உனுக்கு இன்னா தெரியும்?" என்றார்.

மாமா என் அக்காவைக் கட்டியவர். அவருடைய ஃபைபர் படகில் நான் பின்னால் இன்ஜின் பக்கம் உட்காருவேன், அவர் முன்னால் கழியோடு நிற்பார். பழவேற்காட்டு ஏரியில் பாதி இடத்தில் இடுப்பளவுத் தண்ணீர்தான், இன்ஜினைத் தூக்கிவிட்டுக் கழி ஊன்றித்தான் போகவேண்டும். அப்படி எத்தனையோ வருஷம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். அந்த முதுகிலும் இரண்டு கண் இருந்ததாகத்தான் எனக்குத் தோன்றும். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "எம் பேர இன்னாத்துக்கு இவன் எழுதுறான், எவன் கேட்டான்?" என்று மேலே இருந்துகூடக் கேட்பார்.

என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர் காபியைக் குடித்துவிட்டு, "நாளைக்கும் ஒருக்கா வரலாமா?" என்று கேட்டாராம். மறுநாள் முன்னறிவிப்பு இல்லாமல் மத்தியானத்தில் வந்து நின்றிருக்கிறார். அக்கா அப்போது இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அதே பெண்தானா என்று சரிபார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அக்கா இதை எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். நான் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியபோது, மாமா என்னைத் தனியே கூப்பிட்டு, "வேற எவனோட நம்பரையாவது பாத்துட்டியாடா மச்சான்?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு நானே இரண்டுமுறை போய்ச் சரிபார்த்தேன் என்பது வேறு கதை.

செல்போன் விஷயத்தில் அவர் இன்னும் மோசம். குப்பத்தில் எல்லார் கையிலும் பெரிய போன் வந்த பிறகும் அவர் பட்டன் போனைத்தான் வைத்திருந்தார். பெரிய போன் நாம் பேசுவதைக் கேட்டு யாரிடமோ சொல்கிறது என்பது அவர் கட்சி. புயல் எச்சரிக்கை வந்தால் மூன்று ஊர்க்காரர்களுக்குப் போன் போட்டுக் கேட்பார். மூன்று பேரும் ஒரேமாதிரி சொன்னால், "மூணு பேரும் பேசி வெச்சிக்கினு சொல்றானுங்க, இதுல இன்னாமோ கீது" என்பார். ஆனால் படகை எல்லாருக்கும் முன்னால் மேலே ஏற்றிக் கட்டுபவரும் அவர்தான்.

கடைசியில் பொன்னேரியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் சலைன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டு நின்றால் கூப்பிடுவார். சொட்டு வேகமாக விழுந்தாலும் கூப்பிடுவார். "இவுரு தூங்கினா எங்களுக்குப் புண்ணியமா போவும்" என்று நர்ஸம்மா சிரித்தது. அந்தக் கட்டிலில் அவர் எதையெதையோ பேசினார். கோட்டானைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கோட்டான் கதையைச் சொல்லும் முன்னால் பாடு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் கழி நட்டு வலை கட்ட முடியாது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைக்கும். அந்த முறைக்கும் பாடு என்றுதான் பேர், அந்த இடத்துக்கும் பாடு என்றுதான் பேர். எங்கள் ஊருக்கு இருந்ததில் நல்ல பாடு கோரைத் திட்டை ஒட்டியது. கோரைத் திட்டு என்பது ஏரிக்கு நடுவே ஆள் இல்லாத மணல்மேடு. ஒரு பக்கம் உமரிச்செடி, மறுபக்கம் இடுப்புயரக் கோரை. அதன் ஓரமாக ஓடும் தண்ணீரில்தான் இறால் ஏறும். அந்தப் பாடு நம் முறைக்கு வரும் நாளை எதிர்பார்த்துத்தான் வீட்டில் துணிமணி எடுப்பது, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவது எல்லாம்.

எங்களுக்கு வடக்கே இன்னொரு குப்பத்துக்கும் அப்படி ஒரு பாடு இருந்தது. அங்கே ஒருநாள் இரண்டுபேர் வந்து மீன்குஞ்சு எண்ணுகிறோம் என்று சொல்லி, கோலை விட்டு ஆழம் பார்த்துவிட்டுப் போனார்கள். குப்பத்துக்காரர்கள் இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். கொஞ்சநாள் கழித்து அங்கே கம்பிவேலி வந்தது. பறவை தங்கும் இடம், உள்ளே வராதே என்று ஒரு பலகையும் வந்தது. யார் நட்டார்கள் என்று இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது. மாமா அந்தப் பலகையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். "எளநி வெட்டிக் குடுத்துக்கிறானுங்க மச்சான்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதற்கு அடுத்த மார்கழியில்தான் அந்த அம்மா வந்தார். சென்னையில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபது வயது இருக்கும். கேன்வாஸ் ஷூ, தலையில் துணித் தொப்பி, தோளில் மூன்றுகால் தாங்கியோடு ஒரு தொலைநோக்கி. கூடவே நண்பர்கள் இரண்டு மூன்று பேர். பனி இன்னும் விலகாத நேரத்தில் கரையில் நின்று, "ஆந்தை பார்க்கணும். தீவுகளுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்டார்.

மாமா முதலில் ஷூவைப் பார்த்தார். அப்புறம் தாங்கியைப் பார்த்தார். நிலம் அளக்கிறவர்களும் அப்படி மூன்றுகாலோடுதானே வருவார்கள்.

"பூநாரை பாக்க வருவாங்கோ. கூழக்கடா பாக்க வருவாங்கோ. கோட்டானப் பாக்க யாரும்மா வருவா? எங்க ஊர்ல அது கத்துனா படக எறக்கமாட்டான்."

"இது கத்தாதுங்க. குளிர்காலத்துக்கு வடக்கேருந்து வரும். மரத்துல உக்காராது, புல்லுல தரையிலேயே தங்கும். பகல்லயே பறக்கும். குட்டைக்காது ஆந்தைன்னு பேரு. இந்தப் பக்கம் இருக்கணும்னு எனக்குத் தோணுது."

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை. எனக்கா தோணுது."

மாமா என்னைத் தள்ளிக்கொண்டு போய், "யாரும் சொல்லலியாம். கேட்டியா?" என்றார். நான், பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று அனுப்பிவிடலாமே என்றேன். "லூசு. நாம இட்டுக்கினு போவலன்னா பக்கத்து ஊரு பசியாவரத்துக்காரன் இட்டுக்கினு போவான். நம்ம படகுல ஏறினாத்தான் இன்னா பண்றாங்கன்னு நமக்குத் தெரியும்" என்றார். வேவு பார்க்க வந்தவர்களை வேவு பார்க்கக் கிளம்பினோம்.

அன்றைக்கு அந்த அம்மா மாமாவைத் தொலைநோக்கியில் பார்க்கச் சொன்னார். தூரத்தில் பூநாரைக் கூட்டம். மாமா கண்ணை வைத்துப் பார்த்தார். உடனே கையை நீட்டிக் குழாயின் முன்பக்கத்தை மூடினார். இருட்டாகிவிட்டது. கையை எடுத்தார். பூநாரை. மறுபடி மூடினார். உள்ளே படம் ஒட்டி வைத்திருக்கவில்லை என்பது உறுதியான பிறகுதான் நிமிர்ந்தார். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லாச் செக் பண்ணிக்கோங்க. நானும் உங்கமாதிரிதான், கண்ணால பார்க்காத எதையும் பார்த்தேன்னு சொல்லமாட்டேன்" என்றார். மாமாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. அதனாலேயே சந்தேகம் இன்னும் கூடிப்போனது.

அவர்களைக் கரையில் இறக்கிவிட்டு, அன்று சாயந்தரமே மாமா என்னைக் கோரைத் திட்டுக்குக் கூட்டிப் போனார். போகும்முன் என் செல்போனை வாங்கி அக்காவிடம் கொடுத்துவிட்டார். அது நாம் போன இடத்தையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

திட்டுக்கு எட்டவே படகை நிறுத்தினார். "பேசாத குந்து" என்றார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. காய்ந்த கோரைக்குள்ளிருந்து காய்ந்த கோரை நிறத்திலேயே ஒன்று எழும்பியது. கொஞ்சம்கூடச் சத்தமில்லை. நீளச் சிறகை மெல்ல மெல்ல அடித்துக்கொண்டு புல்லுக்கு மேலேயே தாழப் பறந்தது. எங்கள் பக்கம் திரும்பியபோது முகத்தைப் பார்த்தேன். மஞ்சள் கண், அதைச் சுற்றிக் கறுப்பு. பிறகு இன்னொன்று எழுந்தது.

"ஒவ்வொரு பனிக்கும் வருது. நா கல்யாணத்துக்கு மின்னாலேர்ந்து பாக்குறேன்" என்றார் மாமா.

"அந்தம்மா கேட்டது இதத்தானே மாமா? காட்டினா இன்னா?"

"காட்டினா? இன்னிக்கி அந்தம்மா பாக்கும். நாளிக்கி நாப்பது பேரு வருவான். அப்பால ஒரு பலகைய கொண்ணாந்து நட்டுட்டு, உள்ள வராதன்னுவான். கோட்டான் இருக்கும், பாடு இருக்காது."

அவர் சொன்னதில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. வடக்கே நடந்ததை நானும்தான் பார்த்திருந்தேன்.

அதிலிருந்து ஒவ்வொரு பனிக்காலமும் அந்த அம்மா வந்தார், ஒவ்வொரு பனிக்காலமும் மாமா அவரை ஏரி முழுக்கச் சுற்றிக் காட்டினார், கோரைத் திட்டைத் தவிர. ஒரு வருஷம் அங்கே சேறு ஆளை விழுங்கிவிடும் என்றார். இன்னொரு வருஷம் விரியன் பாம்பு என்றார். ஒரு வருஷம் ஊர்க் கட்டுப்பாடு, பெண்கள் கால் வைக்கக்கூடாது என்றார். அக்கா அதைக் கேள்விப்பட்டு, "நானே அங்க எறங்கி வலை அவுத்துக் குடுத்துருக்கேனே, நா இன்னா ஆம்பளையா?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள்.

அவர்கள் வருகிற நாளுக்கு முன்னால் மாமா தனியாகத் திட்டுக்குப் போய்விட்டு வருவார். கோட்டான் எலியைத் தின்றுவிட்டு முடியும் எலும்புமாக உருண்டை உருண்டையாகக் கக்கிப் போட்டிருக்கும். அதையெல்லாம் பொறுக்கித் தண்ணீரில் எறிந்துவிடுவார். உதிர்ந்த இறகு இருந்தால் மண்ணில் புதைப்பார். வீட்டில் ஒருநாளும் துடைப்பத்தைத் தொட்டதில்லை என்று அக்கா சொல்லும் மனுஷன், ஒரு மணல்மேட்டைப் பெருக்கிவிட்டு வந்தார். இதைச் சொல்லும்போது இப்போதும் சிரிப்பு வருகிறது. அப்போதும் வந்தது.

ஆனால் பொய் சொல்லிக் காப்பாற்றுவதற்காக மட்டும் அவர் அங்கே போகவில்லை. பாடு முறை இல்லாத நாளிலும் போவார். பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு, படகின் விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். உலகத்தில் அவர் திருப்பிக் கேள்வி கேட்காமல் பார்த்தது அந்தப் பறவை ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன். மாமாவை எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த நேரங்களில்தான்.

அப்புறம் ஒரு வருஷம் கோரைத் திட்டில் விடுதி வரப் போகிறது என்று பேச்சு கிளம்பியது. ஏதோ ஒரு கம்பெனி திட்டின் மேலே குடில் குடிலாகக் கட்டி, ஓரத்தில் படகுத்துறை போடப் போகிறதாம். படகுத்துறை வரும் இடம் சரியாக எங்கள் பாடு. காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் வேலைக்குப் போய்ப் பழகிய பையன்கள் சிலர், விடுதி வந்தால் வேலை கிடைக்கும் என்றார்கள். வலை கட்டுகிற நாங்கள் எல்லாரும் ஊர்த் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றோம்.

தை மாதம் அந்த அம்மா தனியாக வந்தார். தொலைநோக்கி இல்லை, நண்பர்கள் இல்லை. நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கோரைத் திட்டு விஷயம் கேள்விப்பட்டேன். வெயில் காலத்துல கருத்துக் கேட்புக் கூட்டம் வைப்பாங்க. அதுக்குள்ள அங்க அபூர்வமான பறவை ஏதாவது தங்குதுன்னு காட்டிட்டா, கட்டடம் வரவிடாம நிறுத்த வாய்ப்பு இருக்கு. ஒரு போட்டோ போதும். நீங்க அங்க ஏதாவது பார்த்திருக்கீங்களா?"

அக்கா மாமாவைப் பார்த்தாள். நான் மாமாவைப் பார்த்தேன். கோட்டான் இரண்டும் அப்போது திட்டில்தான் இருந்தன. முந்தின நாள்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தோம்.

"இல்லம்மா. ஒன்னியும் பாத்ததில்ல" என்றார் மாமா.

அந்த அம்மா போனதும் அக்கா பிடித்துக்கொண்டாள். "இப்பவும் இல்லன்னு சொல்றியே, உனக்கு இன்னா வந்துச்சி?"

"அதான் கரெக்டா இப்ப வந்து கேக்குது. கம்பெனிக்காரனே அனுப்பிருந்தான்னா? எங்க கீது, எத்தினி கீதுன்னு தெரிஞ்சிக்கினு, ராவோட ராவா அத தொரத்திட்டா?"

"என்னையே ரெண்டு நாளு வந்து பாத்த ஆளு. அந்தம்மாவையா நம்பப் போவுது" என்று அக்கா உள்ளே போய்விட்டாள்.

விசாரிக்காமல் எதுவும் செய்வதில்லை என்று மாமா என்னை இழுத்துக்கொண்டு சென்னைக்குப் போனார். அந்த அம்மா முகவரி கொடுத்திருந்தார். வீட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. அதில் உட்கார்ந்துகொண்டு, யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்த்தோம். கீரைக்காரி வந்தாள். ஒரு பூனை வந்தது. கடைக்காரர் எங்களை ஒருமாதிரி பார்க்க ஆரம்பித்தார். கொஞ்சநேரத்தில் அந்த அம்மாவே கறிவேப்பிலை வாங்கக் கீழே இறங்கிவர, மாமா சட்டென்று தள்ளுவண்டிக்குப் பின்னால் குந்திவிட்டார். எனக்கு மானம் போனது.

திரும்பும் வழியில் அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "நல்ல மாதிரியாத்தான் தெர்து" என்றார். பஸ் பொன்னேரி தாண்டுவதற்குள், "ஆனா கடைசில ஒரு கார் வந்து நின்னுச்சே, அது யாரு?" என்று ஆரம்பித்துவிட்டார். அந்தக் கார் பக்கத்து வீட்டுக்காரருடையது என்று தெரிந்துகொள்ள அவருக்கு மாசி முழுக்க ஆனது. தெரிந்த பிறகு, யாரைக் கூட்டிப் போவது, எப்படிப் பேசுவது, காட்டிய பிறகு பலகை நடமாட்டேன் என்று சத்தியம் வாங்கவேண்டுமா என்று இன்னும் கொஞ்சநாள் போனது. ஒருவழியாக ஒருநாள் சாயந்தரம், "கூப்புடு மச்சான் அந்தம்மாவ" என்றார்.

அதற்கு முன்னால் எதற்கும் ஒருதடவை பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டுக்குப் போனோம். தென்காற்று வீச ஆரம்பித்திருந்தது. வெயில் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தோம். கோரையிலிருந்து எதுவும் எழும்பவில்லை. மாமா இறங்கிக் கோரைக்குள் நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி நடந்தார். அவரே பொறுக்கி எறிந்ததுபோக ஒரு உருண்டையோ இறகோகூட மிச்சமில்லை. வடக்கே போய்விட்டன, இனி அடுத்த பனிக்குத்தான் என்று இரண்டுபேருக்குமே தெரியும். படகில் வந்து உட்கார்ந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை.

கூட்டம் பழவேற்காட்டில் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. சாமியானாப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, கொதிக்கிற வெயில். எங்கள் ஊர்க்காரர்கள் பாடு போய்விடும் என்று சொன்னார்கள். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு யாரோ பறவைப் பேச்சை எடுத்தார்கள். உடனே கம்பெனிக்காரர் எழுந்து, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவைக் காட்டினார்.

"இந்த மேடம் பல வருஷமா ஆந்தை தேடி இந்த ஏரிக்கு வர்றாங்க. ஒவ்வொரு வருஷமும், ஆந்தை பார்க்கலைன்னு அவங்களே இன்டர்நெட்டுல எழுதியிருக்காங்க. இவ்வளவு தேடியும் இல்லைன்னா, இல்லைன்னுதானே அர்த்தம்?"

அதிகாரி அந்த அம்மாவிடம், "நீங்க பார்த்திருக்கீங்களா மேடம்?" என்று கேட்டார்.

"பார்க்கலை" என்றார் அந்த அம்மா. அவரால் வேறு எதுவும் சொல்ல முடியாது.

எனக்குப் பக்கத்தில் நாற்காலி கீழே விழுந்தது. மாமா எழுந்து நின்றிருந்தார்.

"நா பாத்துருக்கேன் சார். கோரைத் திட்டுலதான் இருக்கும். வருசா வருசம் பாத்துருக்கேன்."

"நீங்க யாரு?"

"இவங்கள படகுல கூட்டிக்கினு போறவன்."

பந்தலில் ஒரு சலசலப்பு. அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். "நீங்கதான் கூட்டிட்டுப் போறீங்க. நீங்க பார்த்திருக்கீங்க. அப்ப ஏன் இவங்களுக்குக் காட்டலை? போட்டோ ஏதாவது இருக்கா?"

மாமா என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து, நானும் பார்த்தேன் சார் என்றேன். மச்சான்காரன் பேச்சை யார் கணக்கில் எடுப்பார்கள்? கம்பெனிக்காரர் சிரித்தார். எங்கள் ஊர் ஆட்களே நாங்கள் கூட்டத்துக்காகக் கதை கட்டுகிறோம் என்றுதான் நினைத்தார்கள்.

அப்போது அந்த அம்மா எழுந்து மாமாவின் பக்கம் திரும்பினார். "எப்படி இருக்கும், சொல்லுங்க" என்றார்.

"தரையில குந்தும்மா. காஞ்ச கோரை கலரு. கண்ணு மஞ்சா, சுத்தி மையி அப்பிக்கினாமாரி இருக்கும். காது இருக்கும், ஆனா கிட்ட போனாத்தான் தெரியும். வெயில் எறங்கசொல்ல எழும்பும். ரெக்கைய மெள்ள மெள்ள அடிக்கும், துடுப்பு போடுறாமாரி. சத்தமே வராதும்மா." இரண்டு விரலைக் காட்டினார். "ரெண்டு கீது. எப்பவும் ரெண்டு."

அந்த அம்மா அதிகாரியிடம், "இவர் பார்த்திருக்கார் சார். நான் பார்க்கலை. ஆனா இவர் பார்த்திருக்கார்" என்றார்.

"நீங்க பார்க்கலைங்கறத மட்டும்தான் மேடம் நான் எழுத முடியும்" என்றார் அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னார்.

பந்தலைவிட்டு வெளியே வரும்போது ஊர்த் தலைவர் மாமாவின் தோளைப் பிடித்து நிறுத்தினார். "பாட்ட மூட்டை கட்டி நீயே குடுத்துட்டியேப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. விடுதிக்கு அனுமதி வந்துவிடும் என்று அந்த வெயிலில் நின்ற எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அப்படியேதான் வந்தது. அடுத்த பனி தொடங்குவதற்குள் திட்டைச் சுற்றி இரும்புக் கம்பம் இறங்கி, எங்கள் பாடு போய்விட்டது.

கூட்டம் முடிந்த அன்று சாயந்தரம் அந்த அம்மா பஸ்ஸுக்குப் போகாமல் கரைக்கு வந்தார். மாமா படகில் வேலை எதுவும் இல்லாமல் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும், "ஏறும்மா" என்றார். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

கோரைத் திட்டில் மாமா முதலில் இறங்கி, அந்த அம்மாவுக்குக் கை கொடுத்தார். ஷூ மணலில் பதிந்தது. சேறும் இல்லை, பாம்பும் இல்லை. கோரைக்கு நடுவே ஒரு இடத்தைக் காட்டி, "இங்கதாம்மா குந்தியிருக்கும். இந்தாண்ட மூஞ்சி வெச்சிக்கினு" என்றார். அங்கே காய்ந்த புல்தான் இருந்தது. அந்த அம்மா அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்தார்.

"இன்னாத்துக்கும்மா என்னை நம்புன?" என்றார் மாமா. "ஊரே நம்பல."

"நீங்க படகுல வாயே திறக்கமாட்டீங்க. இந்தத் திட்டு பக்கம் வந்தா மட்டும் நிறுத்தாமப் பேசுவீங்க. மழை, வெங்காய விலை, வீட்டுல வெச்ச குழம்பு, எல்லாம் பேசுவீங்க. இங்க ஏதோ இருக்குன்னு எனக்கு முதல் வருஷமே தெரியும்."

மாமா அப்படியே நின்றுவிட்டார். "தெரிஞ்சும் ஏன்மா அத்தினி வருசமா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா, வேற படகு பார்த்துக்கோன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். நீங்களா ஒருநாள் காட்டுவீங்கன்னு இருந்துட்டேன்."

மாமா மணலில் குந்தினார். அந்த அம்மாவுக்குப் பக்கத்தில், அதே காய்ந்த புல்லைப் பார்த்தபடி. பிறகு கேட்டார்.

"மொத வருசமே நா எறக்கி வுட்டுருந்தா, இந்தப் பாடு தங்கியிருக்குமாம்மா?"

ஆறுதலுக்கு ஏதாவது சொல்லுவார் என்று நினைத்தேன். அந்த அம்மா யோசித்துவிட்டு, "தெரியலை. தங்கியிருக்கலாம்" என்றார்.

யார் சொன்னது, எப்படித் தெரியும், இதில் உனக்கு என்ன லாபம் என்று மாமா எதுவும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். பிறகு எழுந்து போய், அந்த அம்மா ஏறுவதற்குத் தோதாகப் படகைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.